உலர் எடை

செவ்வாய், வியாழன், சனி.
ஓல்ட்டனில் ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடி.
உள்ளே போகுமுன் நிறுப்பார்கள்,
நாலு மணித்தியாலம் கழித்து மறுபடி நிறுப்பார்கள்.
வித்தியாசம் நான் குடித்தது.
பொய் சொல்ல இடம் தராத கணக்கு.

ஞாயிறு பின்னேரம் கருணைவேல் வந்தான்,
மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி.
கையில் கரும்பழுப்புப் போத்தல்,
லேபிளில் கடல், தீவு, காதில் பூச்செருகிய பெண்.
"நோனி, அத்தான். காலமை முப்பது மில்லி,
வெறும் வயிற்றில."

மூடியைத் திறந்தான்.
அறை முழுக்க முற்றிய பாலாடைக்கட்டி.
இந்த நாட்டில் அந்த மணத்துக்கு ஒருவரும் மூக்குப் பொத்துவதில்லை,
அதுவே பாதி வியாபாரம்.
நுணாவுக்குச் சொந்தக்காரப் பழமாம்.
காகமே யோசித்துக் கொத்தும் சாதிக்கு
இங்கே அறுபத்தெட்டு பிராங்.

மூட்டுக்கு நல்லதாம். சீனிக்கு. பிரஷருக்கு.
நித்திரைக்கு, நினைவுக்கு,
தலைமயிருக்கும்
(அவனுக்கு வழுக்கை, நான் பார்க்காத மாதிரி இருந்தேன்).
வின்டர்தூரில் ஒரு மனுசி
ஊன்றுகோலை எறிந்துவிட்டாளாம்.
"பேர் என்ன?"
"பேர் தெரியேல்ல. ஆனா நடக்கிறா."

காசு பிறகு தரலாம் என்று வைத்துவிட்டுப் போனான்.
இரவு சமையலறைத் தராசில் போத்தலை ஏற்றினேன்:
ஒரு கிலோ அறுநூறு.
இரண்டு நாளில் என் உடம்பு சேர்க்கிற தண்ணீர் அவ்வளவுதான்.
தராசுக்கு எல்லாம் ஒன்று,
நம்பிக்கையும் கண்ணாடியும் பிரித்து நிறுக்காது.

செவ்வாயன்று ரெகுலாவிடம் காட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் வீம்புக்காவது குடித்திருப்பேன்.
ஊசியைப் பிளாஸ்டரால் ஒட்டிவிட்டு
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
லேபிளின் சின்ன எழுத்தை ஒரு விதானையார் மாதிரி வாசித்தாள்.
எலிகளில் பார்த்திருக்கிறார்கள், சொன்னாள்,
மனிதர்களில் கொஞ்சம்,
பெரிதாய்ச் சொல்ல ஒன்றும் வரவில்லை.
நிறையப் பேருக்கு நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது.
"ஆனால் நீங்கள் நிறையப் பேர் இல்லை."
என் பொட்டாசியம் ஐந்து தசம் ஒன்பது.
போத்தலில் எவ்வளவு? எழுதவில்லை.
எழுதாத அந்த வெள்ளை இடத்தை நகத்தால் தொட்டாள்.

மற்ற வீடுகளில் சிறுநீரோடு போய்விடுகிற விருந்தாளி,
என் வீட்டில் வாசல் இல்லை.
நெஞ்சுக்குள் வந்து குந்தும்.

அடுத்த ஞாயிறு போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன்.
அவன் கை நீட்டவில்லை.
நிலவறையில் நாற்பது பெட்டி அடுக்கியிருக்கிறதாம்,
வங்கிக் கடன், மேலே இருக்கிறவருக்கு மாதக் கணக்கு,
மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.
"பொய் விக்கேல்ல அத்தான். நானே குடிக்கிறன். பாருங்கோ."
மடக்கென்று விழுங்கி முகத்தைச் சுளித்தான்,
சுளித்ததை மறைக்கப் பார்த்தான்.
"பிரஷர் மாத்திரை விட்டு ஆறு கிழமை."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என்னிடமும் அந்த வயதில் ஒரு மாத்திரைப் பெட்டி இருந்தது,
லாச்சிக்குள்,
தலையிடி இல்லாத மனிதன் எதற்கு விழுங்குவான் என்று.
சேட்டுக் கையை மடித்தேன்.
அவன் விரல்களை எடுத்து
புடைத்த நரம்பின் மேல் வைத்தேன்.
அது வண்டு மாதிரி இரைந்தது.
பறித்துக்கொள்ளப் பார்த்தான். விடவில்லை.

கடைசியில் ஒரு பேரம்.
மாத்திரையை அவன் நாளைக்கே தொடங்குவது,
போத்தலை நான் வாங்குவது.
குடிப்பேன் என்று சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.
மூன்று இருபதும் ஒரு பத்தும் கொடுத்தேன்,
மிச்சம் இரண்டு பிராங் தேடிப் பை முழுக்கத் துழாவினான்.

போத்தல் தொட்டிக்குக் கீழே நிற்கிறது.
பெண் இன்னும் சிரிக்கிறாள்.
ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்குப் போன் எடுத்து
மேல் எண் என்ன, கீழ் எண் என்ன என்று கேட்கிறேன்.
சொல்கிறான்.
அவன் சொல்கிற எண்ணை
எந்தத் தராசில் வைப்பது?